சாக்ரமெண்டோ தெருவில் பிறந்த சமையல்காரர்

சான்பிரான்சிஸ்கோ சைனாடவுனுக்குப் போறவங்க க்ராண்ட் அவென்யூ வாசலில் படம் எடுத்துட்டு, ராஸ் சந்தில் ஃபார்ச்சூன் குக்கி செய்யறதைப் பார்த்துட்டுக் கிளம்பிடறாங்க. நீங்க ஒரு தெரு மேலே ஏறி ஸ்டாக்டனுக்குப் போங்க. பாட்டிகள் கீரைக் கட்டை ஒவ்வொண்ணா புரட்டிப் பார்த்து, நம்மைத் தோளால் தள்ளிட்டு முன்னாடி போவாங்க. கோடை லீவில் பார்த்த மயிலாப்பூர் மாடவீதியேதான்.

அந்த பகோடா கூரைகளுக்கு ஒரு கதை உண்டு. 1906 பூகம்பத்திலும் தீயிலும் இந்த இடமே அழிந்தது. இதுதான் சாக்குன்னு சீனர்களை ஊர் எல்லைக்குத் தள்ளப் பார்த்தார்கள். வியாபாரிகள் முந்திக்கொண்டு, அமெரிக்கக் கட்டடக்கலைஞர்களை வைத்தே சுற்றுலாக்காரர்களுக்குப் பிடிக்கிற மாதிரி கட்டிவிட்டார்கள்.

"அப்போ இதெல்லாம் ஃபேக்காம்மா?" என்றாள் என் பத்து வயசுப் பெண்.

"இல்லடா, விரட்டாம இருக்கறதுக்குப் போட்ட வேஷம்."

நான் அவளைக் கூட்டிப் போக நினைத்தது சாக்ரமெண்டோ தெருவுக்கு. வாங் கிம் ஆர்க் 1873-ல் பிறந்தது அங்கேதான். சமையல்காரர். 1895-ல் சீனாவுக்குப் போய்த் திரும்பினப்போ, நீ குடிமகன் இல்லைன்னு கப்பலிலிருந்து இறங்கவிடலை. மாதக்கணக்கில் துறைமுகத்துக் கப்பல்களிலேயே வைத்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இங்கே பிறந்தவர், அதனால் குடிமகன் என்று 1898-ல் தீர்ப்பு வந்தது. அவருடைய அப்பா அம்மா ஆசைப்பட்டாலும் குடியுரிமை வாங்க முடியாது. சீனர்களுக்கு அந்த உரிமை 1943-ல்தான் வந்தது, நம்மவர்களுக்கு 1946-ல்.

"தாத்தா பாட்டி க்ரீன் கார்டில் இருந்தப்போ நான் நியூஜெர்சியில பிறந்தேன். பிறந்த அன்னிக்கே நான் சிட்டிசன். அது இவர் வழக்காலதான்."

கையில் சூடான முட்டை டார்ட். ஒரு கடி கடிச்சுட்டுக் கேட்டாள்: "ஜெயிச்சதுக்கு அப்புறம் அவரை யாரும் தொந்தரவு பண்ணலையா?"

இந்த வயசில் இதையும் சொல்லணுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கேட்டுட்டாளே. 1901-ல் எல் பாசோவில் அவரை மறுபடியும் பிடித்தார்கள், சட்டவிரோதமா வந்தவர்னு.

"எல் பாசோவா? நம்ம டெக்ஸாஸ்லயா?"

"ஆமா."

டார்ட்டை முடிக்கிற வரைக்கும் பேசலை. கையைத் துடைச்சுட்டு, "அம்மா, என் பாஸ்போர்ட் டாலஸ் வீட்லயா இருக்கு?" என்றாள்.