ஆய்வுகூடத்தின் குரலும் அதிகாரத்தின் செவியும்

2003 ஆம் ஆண்டில் உலகை அச்சுறுத்திய சார்ஸ் நோயின் வைரஸை இனங்கண்ட பெருமை ஹொங்கொங் பல்கலைக்கழகக் குழுவினருக்கும் உரியது. அக்குழுவின் முன்னணி ஆய்வாளரான பேராசிரியர் மாலிக் பீரிஸ், பேராதனை மருத்துவ பீடத்தின் பழைய மாணவர். பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரக் கல்லூரியில் வைரஸ் ஆய்வுக்குத் தலைமை வகித்த அவர், 2021 இல் கனடாவின் கெயார்ட்னர் விருதையும் பெற்றார். நம் நாட்டவர் என்று நாமும் மார்தட்டிக் கொண்டோம்.

அவரது சொல்லுக்கு மட்டும் செவிமடுக்கவில்லை. கொவிட் நீரினால் பரவும் நோயன்று, உயிருள்ள உடலிலேயே வைரஸ் பெருகும் என 2020 இல் அவர் தெளிவாகவே கூறியிருந்தார். உலக சுகாதார நிறுவனமும் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தது. ஆயினும் 2020 ஏப்ரல் வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுறும் என்பதே காட்டப்பட்ட காரணம். அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் சிசுவும் எரியூட்டப்பட்டது. அடக்கம் செய்ய விரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்களும் கையறு நிலையில் நின்றன. 2021 பெப்ரவரியில் தடை நீங்கியபோதும், ஜனாஸாக்களைத் தொலைதூர ஓட்டமாவடிக்கே கொண்டு செல்ல நேர்ந்தது.

பின்னர் உள்நாட்டில் நீர்நிலைகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளும் பாதுகாப்பான அடக்கத்தைக் குற்றஞ்சாட்டவில்லை. அவற்றை ஆதாரமாகக் கொண்டே 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பை நாம் மறுதலிக்கவில்லை. ஆனால், எந்த ஆய்வை வைத்துத் தகனத்தைக் கட்டாயமாக்க ஆலோசனை வழங்கப்பட்டது என்பதை, அதனை வழங்கிய நிபுணர்களே பகிரங்கமாகக் கூறியாக வேண்டும்.