பயிற்றேடு பொதுவுடைமை ஆகுக!

பாண்டித்துரைத் தேவர் சொற்பொழிவாற்ற மதுரைக்கு வந்த ஞான்று, திருக்குறட் படியொன்று கேட்டு, அது மாநகரில் எளிதிற் கிடைக்காமையால் நெஞ்சம் நொந்தார் என்பர். அந்நோவே 1901-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கமாக உருக்கொண்டது. நூல் இல்லையே என்று அவர் அழுதமர்ந்தாரல்லர். நூல் கிடைக்க வழி செய்தார்.

இன்று அதே குறை வேறோர் உருவில் நிற்கின்றது. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பேருந்தேறி மதுரைக்கு வந்து கணினி பயிலும் உழவர் வீட்டுப் பிள்ளையின் கையில் இருப்பது என்ன? ஆங்கிலக் குறிப்புத்தாள்! தமிழில் எண்ணவும் வினவவும் வல்ல அப்பிள்ளை, மென்பொருளைக் கற்குமுன் ஆங்கிலத்தோடு மல்லாட வேண்டியுள்ளது. அஃது ஏட்டின் குறை. அதனைத் தன் அறிவின் குறையென்று அப்பிள்ளையே நம்பிவிடுகின்றதே, அதுவன்றோ கொடுமை!

தமிழால் இயலுமா என்று ஐயுறுவார்க்கு விடை முன்பே கிடைத்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தமிழரின் ஊதியம் கருதா உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கியது. ஒருவர் தட்டச்சிட்டார், மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார், விளைந்தது விலையின்றி அனைவர்க்கும் ஆயிற்று. 2012-இல் த. சீனிவாசன் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் கற்பிக்கலாயிற்று. து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் தரவுத்தளத்தையும் வலைப்பக்க ஆக்கத்தையும் நம் மொழியில் விளக்கின. எழுதியவர் பெயரைச் சுட்டி எவரும் படியெடுக்கலாம், பகிரலாம் என்னும் உரிமத்தோடு அவை வெளிவந்தன.

இவ்வுரிமத்தின் அருமையை உணர்தல் வேண்டும். மென்பொருள் ஓயாது மாறுவது. ஏட்டில் ஒரு படமும் திரையில் வேறொரு தோற்றமும் இருப்பின், தனியே பயில்வோன் அவ்விடத்திலேயே நின்றுவிடுவான். ஒருவர் எழுதி, அவரே பூட்டி வைத்த நூல் அவர் சோர்ந்ததும் பழையதாகிவிடும். பலர் திருத்தவும் சேர்க்கவும் உரிமையுள்ள ஏடோ, பயன்படுத்துவோர் உள்ளவரை புதியதாகவே இருக்கும்.

அத்தகைய ஏட்டை ஆக்குதல் அரிதன்று. ஒருவர் எழுதுக, இன்னொருவர் எழுதியவாறே கணினியில் செய்து பார்க்க, மூன்றாமவர் சொற்களை ஒருமைப்படுத்துக. நான்காமவர் அம்மென்பொருளைத் தொட்டே அறியாதவராக இருத்தல் வேண்டும். அவர் எங்குத் தடுமாறுகின்றாரோ அங்கே ஏடுதான் பிழைபட்டது என்று கொண்டு திருத்துக.

தனித்தமிழ் அன்பர்க்கும் இதில் ஒரு கடன் உண்டு. கணினியா, கணிப்பொறியா, ஈழத்தார் வழங்கும் கணனியா என்று வழக்காடியே பொழுது கழிப்போமாயின், கற்க வந்த பிள்ளை ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரு சொல்லைத் தேர்ந்து, ஏடு முழுதும் அதனையே ஆளுதல் வேண்டும். ஏட்டில் ‘சேமி’ என்றிருக்க, திரையில் ஆங்கிலம் நின்றால் பயில்வோன் மயங்குவான். திரையையும் தமிழில் காட்டும் ஏந்து கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றில் உண்டு. அதனை இயக்கிவிட்டே கற்பித்தல் வேண்டும்.

மதுரைக் கல்லூரிகளின் ஆசிரியர்களும், அலுவலகங்களில் நாள்தோறும் கணினியோடு உழைப்போரும், சிற்றூர்ப் பள்ளிகளின் இளைஞர்களும் ஒன்றுகூடுக! முதலில் மடல் எழுதவும் கணக்கிடவும் உதவும் ஒரே மென்பொருளை எடுத்துக்கொள்க. ஓராண்டிற்குள் அதற்கொரு பயிற்றேடு ஆக்குக. வாடிப்பட்டியிலும் சோழவந்தானிலும் அதனை வைத்துக் கற்பித்து, கண்ட பிழைகளைத் திருத்தி, மறு பதிப்புக் கொணர்க. நூலின்மை கண்டு சங்கம் கண்ட மண்ணின் மக்களுக்கு இது பெரும்பணி ஆகாது. தமிழ்ப்பிள்ளை தமிழிலேயே கற்று வெல்லும் நாளை விரைந்து கொணர்வோம்!