மகளுக்கு ஒரு நியாயமா?

என் மகள் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கிறாள். மாலையில் கூடைப்பந்து, ஞாயிற்றுக்கிழமை பரதம், ராத்திரி தம்பியோடு வீடியோ கேம். "வயசுப் பொண்ணு அரை டிராயரோட குதிக்கணுமா?" என்று நாத்தனார் கேட்க, நானும் பந்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். பொழுதன்னைக்கும் கேம் ஆடும் மகனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

பத்தே நாளில் அவள் முகம் வாடிப் போச்சு. கல்யாணத்தோடு நான் மூட்டை கட்டி வைத்த சலங்கை அப்போதுதான் ஞாபகம் வந்தது.

1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். மறு வருடமே அங்கே பெண்களும் ஆடத் தொடங்கிவிட்டார்கள். இத்தனை காலம் கழித்து நாம் தடுக்கலாமா?

பந்தை நானே இறக்கி, சைக்கிள் கடையில் காற்றடித்து வந்து கொடுத்தேன். மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் வேண்டாம், தோழியரே!

– ஒரு வாசகி, திருச்சி