முதற்பருவத்திலேயே வழிகாட்டல்

பள்ளிப் பருவத்தில் மாணவர் நடக்க வேண்டிய பாதையைப் பாடநூலும் கால அட்டவணையுமே வகுத்துத் தருகின்றன. கல்லூரியில் அந்நிலை மாறுகிறது. கலை, அறிவியல் கல்லூரிகளின் மூன்றாண்டு இளநிலைப் படிப்பு ஆறு பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. மொழிப்பாடம், முதன்மைப்பாடம், சார்புப்பாடம், விருப்பப்பாடம் எனப் பல அதனுள் அமைகின்றன. அவற்றுள் சிலவற்றை மாணவரே தெரிவு செய்கிறார். ஆனால், அத்தெரிவின் விளைவை முன்கூட்டியே எடுத்துரைப்போர் அரியராகவே உள்ளனர்.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் முதுநிலை அறிவியல் பயில ‘ஜாம்’ என்னும் நுழைவுத்தேர்வு ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அதற்குரிய விண்ணப்பக் காலம் மாணவரின் ஐந்தாம் பருவத்திலேயே முடிந்துவிடுகிறது. அத்தேர்வின் வேதியியல் தாளில் நுண்கணிதமும் அணிகளும் இடம்பெறுகின்றன. சார்புக் கணிதத்தைத் தேர்ச்சிக்காக மட்டும் படித்து மறந்த வேதியியல் மாணவர், இத்தேர்வைப் பற்றி ஆறாம் பருவத்தில் கேள்விப்பட்டால் என்ன செய்வார்? அவரிடம் அறிவும் உண்டு, ஆர்வமும் உண்டு. உரிய வேளையில் ஒரு செய்தி கிட்டாமையால் ஓராண்டினை அவர் இழக்கிறார்.

பட்டம் பெற்ற பெற்றோர் இத்தகைய செய்திகளை இயல்பான உரையாடலிலேயே பிள்ளைகளுக்கு உணர்த்திவிடுவர். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் மாணவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. கல்வியைத் தந்த நிறுவனம் வழியையும் காட்டினால்தான் அக்கல்வி அனைவருக்கும் சமமானதாகும்.

முதலாண்டு மாணவர்க்கான அறிமுகப் பயிற்சிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டில் நெறிமுறைகளை வெளியிட்டது. இது நல்ல தொடக்கம். எனினும், சில நாள் பயிற்சியோடு வழிகாட்டல் நின்றுவிடலாகாது. மாணவர் சிலருக்கு ஓர் ஆசிரியர் என்னும் முறையில் பொறுப்பு வகுக்கப்பட வேண்டும். செல்ல விரும்பும் துறை, அதற்கு வேண்டிய தகுதி, எழுத வேண்டிய தேர்வு, விண்ணப்பிக்கும் காலம், ஒரு மாற்றுவழி ஆகியவற்றை மாணவர் ஒரே தாளில் எழுத வேண்டும். பருவந்தோறும் ஆசிரியரும் மாணவரும் அதனை மீண்டும் ஆராய வேண்டும்.

பதினேழு வயதில் எதிர்காலத்தை முடிவு செய்வது இயலுமா எனச் சிலர் வினவலாம். அவ்வினா முறையானதே. திட்டமிடுதல் கால்தளை ஆகிவிடக் கூடாது. கணிதம் பயில வந்தவர் பொருளியலில் நாட்டம் கொள்ளலாம். இயற்பியல் மாணவர் இதழியலை விரும்பலாம். எழுதிய தாளைத் திருத்துவதற்கு எப்போதும் இடமுண்டு. எதையும் எழுதாதவருக்கோ, தாம் எங்கே திசைமாறினோம் என்பதுகூடப் புலப்படாது.

தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல் என அடுத்தடுத்து அதிகாரங்களை அமைத்தார் வள்ளுவர். ஆராய்தல், தன் ஆற்றலை அறிதல், உரிய காலத்தை உணர்தல் ஆகிய மூன்றும் கல்லூரி வாழ்வுக்கும் பொருந்தும். அவற்றைப் பழகுவதற்கு ஏற்ற காலம் முதற்பருவமே.