கரும்புத் தோட்டத்துச் சமூகத்திலிருந்து ஒரு நீதிபதி



மே 30, டிரினிடாட்-டொபாகோ நாட்டில் இந்தியர் வருகை நாள். 1845-ல் அந்த நாளில்தான் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய 'ஃபத்தேல் ரசாக்' கப்பல் 200-க்கும் மேற்பட்டவர்களோடு டிரினிடாட் தீவை அடைந்தது. 1917-க்குள் இப்படி ஒப்பந்தக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்தவர்கள் 1,40,000-க்கும் மேல். பெரும்பாலோர் போஜ்புரி பேசியவர்கள். நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சில கப்பல்கள் போயின. அந்தச் சமூகத்தில் பிறந்து, நீதிபதியாக உயர்ந்து, நாட்டின் ஜனாதிபதியாகவும் ஆன நூர் ஹசனலியைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களிடம் பேச ஆசை.

அவர் எத்தனை தூரம் வந்தார் என்று தெரிய, ஒப்பந்தக் காலத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தோட்டத்துரை கொடுத்த சீட்டு கையில் இல்லாமல் கரும்புத் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் கைது. வேலைக்கு வராவிட்டால் வழக்கு. ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்டஈடு கேட்பதோடு விடவில்லை. அபராதம், சிறை என்று அதைக் குற்றமாகவே நடத்தினார்கள். புகார் கொடுத்தவர் ஆங்கிலம் பேசுவார், தீர்ப்பு சொல்பவரும் ஆங்கிலம் பேசுவார். கூண்டில் நிற்பவருக்கோ தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதே மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் தெரியும். இமாமோ பண்டிதரோ நடத்திவைத்த திருமணமும் தனியே பதிவு செய்யாவிட்டால் சட்டத்தின் முன் செல்லாது. முஸ்லிம் திருமணங்களுக்கென்று ஒரு சட்டம் வர 1930-களின் நடுப்பகுதி ஆயிற்று. இந்துத் திருமணங்களுக்கு அதற்குப் பிறகும் சுமார் பத்து ஆண்டுகள்.

ஹசனலி 1918 ஆகஸ்டில் சான் பெர்னாண்டோ நகரில் பிறந்தவர். கனடாவிலிருந்து வந்த பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள் நடத்திய நபரிமா கல்லூரியில் படித்தார். அங்கேயே சில வருடங்கள் ஆசிரியராகவும் இருந்தார். மேல்படிப்புக்கு டொரான்டோ பல்கலைக்கழகம், அங்கிருந்து லண்டன். 1948-ல் கிரேஸ் இன் என்ற வழக்கறிஞர் மன்றத்தில் பாரிஸ்டர். ஊர் திரும்பி வக்கீலாக இருந்தவர், 1953-ல் மாஜிஸ்திரேட் ஆனார். ஒரு காலத்தில் தன் மக்கள் கூண்டில் நின்ற அதே கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லும் நாற்காலி அவருடையதாயிற்று. அரசு வழக்கறிஞர் பணியைக் கடந்து 1966-ல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. 1985-ல் ஓய்வு பெற்றார்.

ஓய்வும் நீடிக்கவில்லை. 1986 டிசம்பர் தேர்தலில் 36 இடங்களில் 33-ஐ வென்று ஏ.என்.ஆர். ராபின்சன் பிரதமரானார். அடுத்த மார்ச்சில் ஹசனலி ஜனாதிபதியானார். இந்திய வம்சாவளியில் அந்நாட்டின் முதல் ஜனாதிபதி. அமெரிக்கக் கண்டங்களிலேயே முதல் முஸ்லிம் நாட்டுத் தலைவரும் அவர்தான். ரம்முக்குப் பேர்போன தீவில், ஜனாதிபதி மாளிகை விருந்துகளில் மது பரிமாறுவதை நிறுத்தினார். தன் நம்பிக்கையைப் பற்றி அவர் மேடை போட்டுப் பேசியவர் அல்லர். தன் கூரைக்குக் கீழே அதைக் கடைப்பிடித்தார், அவ்வளவுதான். கார்னிவல் கொண்டாடும் அந்த ஊரும் அதை மரியாதையோடு ஏற்றுக்கொண்டது. இரு தரப்பையும் எண்ணி எனக்கு மகிழ்ச்சி.

அந்த மரியாதைக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. 1990 ஜூலை 27 அன்று ஜமாத் அல் முஸ்லிமீன் என்ற ஆயுதக் குழு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையே பிணைக்கைதியாகப் பிடித்தது. அவர் காலில் குண்டு பாய்ந்தது. ஆறு நாள் நாடே நடுங்கியது. ஹசனலி அப்போது வெளிநாட்டில் இருந்தார். தற்காலிக ஜனாதிபதிதான் நெருக்கடியைச் சமாளித்தார். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லி ஒரு கும்பல் செய்த வன்முறைக்குப் பிறகு, முஸ்லிம் ஜனாதிபதி ஒருவர்மீது சந்தேகம் கிளம்புவது எத்தனை எளிது! நடந்ததோ வேறு. ஆட்சி எதிர்க்கட்சியின் கைக்கு மாறியிருந்த 1992-ல், அவரையே இரண்டாவது முறையும் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவரை முதலில் கொண்டுவந்தது ஒரு கட்சி, தொடரச் சொன்னது இன்னொரு கட்சி. ஒரு நீதிபதிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று என்ன வேண்டும்?

பிறகு 1995. முதல் கப்பல் வந்து 150 ஆண்டு நிறைந்த வருடம். நவம்பர் 6 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் சரியாக 17, 17 இடங்கள். ராபின்சன் கட்சிக்கு டொபாகோவின் 2. யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது, சபையின் ஆதரவு யாருக்குக் கிடைக்கும் என்று கணித்து நியமிக்க வேண்டியவர் ஜனாதிபதி. ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் ஏறத்தாழச் சம அளவில் வாழும், வாக்குகளும் பெரும்பாலும் அப்படியே பிரியும் நாட்டில், ஓர் இந்திய வம்சாவளி ஜனாதிபதி இன்னோர் இந்திய வம்சாவளித் தலைவரை அழைக்கப்போகிறார். எப்படி வேண்டுமானாலும் பேச்சு கிளம்பியிருக்கலாம். ஹசனலி எண்ணிக்கையைப் பார்த்தார். ராபின்சனின் இருவரும் சேர்ந்ததும் 19 பேர் ஒரு பக்கம் நின்றார்கள். நவம்பர் 9 அன்று அந்தப் பக்கத்தின் தலைவர் பாஸ்தியோ பாண்டே பிரதமராகப் பதவியேற்றார். அந்தச் சமூகத்திலிருந்து வந்த முதல் பிரதமர். 2001-ல் 18-க்கு 18 என்று சமநிலை வந்தபோது, யாரைப் பிரதமராக்குவது என்று அப்போதைய ஜனாதிபதி ராபின்சன் எடுத்த முடிவு நெடுநாள் சர்ச்சையானது. அதோடு வைத்துப் பார்த்தால் 1995-ன் அமைதி எத்தனை அரியது என்று தெரிகிறது. நீதிமன்றத்தில் கழித்த வருடங்கள் அவருக்குக் கொடுத்த நிதானம் அது என்றே நான் நினைக்கிறேன்.

1997-ல் பதவி நிறைவு. 2006 ஆகஸ்டில், 88 வயதில் காலமானார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மேற்கிந்தியத் தீவுகளுக்கோ, பிஜிக்கோ, மொரீஷியஸுக்கோ, நேட்டாலுக்கோ உங்கள் குடும்பத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் உண்டா? பழைய கடிதம், பயணச் சீட்டு, பாட்டி சொன்ன ஒரு பெயர், எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்