வண்டிக்கு சர்வீஸ் தேதி இருக்கு, அவங்களுக்கு?

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். தளவாய்புரத்துல இருந்து ராஜபாளையம் போற வழியில ஒரு டீக்கடை. வாசலில் 108 வண்டி. உள்ளே அதன் பைலட் அண்ணன் (108-ல டிரைவரை பைலட்னுதான் சொல்வாங்க) டீயை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, டீ ஆறுதே?"

"சின்னப் பையன் தம்பி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூச்சு இருந்துச்சு."

அதற்குள் போன் அடித்தது. எழுந்து போய்விட்டார்.

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். நம்ம விருதுநகர் மாவட்டத்தில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லவே வேண்டாம். 2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். 2021-ல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். எத்தனை பேர் இறந்தார்கள், நிவாரணம் எவ்வளவு என்பதெல்லாம் செய்தியில் வந்தது. கருகிய உடம்புகளைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்கள் அன்று ராத்திரி தூங்கினார்களா என்று நாம யாரும் கேட்கவில்லை.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஃபெட்டீக் தெரியும். ஒரே அடியில் உடையாத இரும்பு, தாங்கக்கூடிய சின்ன சுமையே திரும்பத் திரும்ப விழுந்தால் ஒருநாள் விரிந்துவிடும். மனசும் அப்படித்தான். ஒரு பெரிய விபத்து மட்டுமல்ல, தினமும் பார்க்கும் சின்னச் சின்ன சாவுகளும் சேர்ந்துதான் ஆளை உடைக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநில ஆம்புலன்ஸ் சேவைகளில் இதற்கென்றே சாப்ளின்கள் இருக்கிறார்கள். மத குருதான், ஆனால் பிரசங்கம் பண்ண வருவதில்லை. ஊழியர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பேச்சுக் கொடுப்பார், கேட்பார். சாமி கும்பிடாதவரும் அவரிடம் பேசலாம். நமக்கும் இது புதுசில்லை. இந்திய ராணுவத்தில் பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என மத ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

"அரசு சேவையில் மதம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயம். எனக்கும் மதம் வேண்டாம், அந்த வேலையின் குணம் போதும். சாப்ளின் மேலதிகாரி இல்லை. அவரிடம் சொன்னது ஃபைலுக்குப் போகாது. முக்கியமாக, அவரே தேடி வருவார்.

"அதான் 14416 இருக்கே?" டெலி மானஸ் நல்ல சேவை. இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆனால் அடிபட்டுக் கிடப்பவனை நடந்து வரச் சொல்ல முடியாது என்பதால்தானே ஆம்புலன்ஸே வந்தது? மனசு அடிபட்டவரிடம் மட்டும் "நீங்களே கூப்பிடுங்க" என்கிறோம்.

என் யோசனை இதுதான். அனுபவமுள்ள மூத்த பைலட், ஈ.எம்.டி. சிலருக்குக் காது கொடுத்துக் கேட்கப் பயிற்சி கொடுக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் அவர்களுக்குத் துணையாக இருக்கட்டும். குழந்தை சாவு, கூட்டமாகத் தீக்காயம் மாதிரி கேஸ் முடிந்ததும் அரை மணி நேரம் வேறு அழைப்பு தராமல், அவர்களில் ஒருவர் நேரில் போய்ப் பேசட்டும். பேசியது வெளியே போகக் கூடாது.

ஆம்புலன்ஸ் வண்டிக்கு இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்று கணக்கு இருக்கு. ஓட்டுறவருக்கும் அப்படி ஒரு கணக்கு வேணும்.

அந்த அண்ணனை மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் டீ வாங்கிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை கூட உட்கார்ந்திருப்பேன்.