மண்ணை விலைக்கு வாங்க முடியுமா?

பௌதிகம் கற்பிப்பவனுக்குத் தோட்டத்து மண்ணில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேலையை எனக்குக் கொடுத்தது தாமிரபரணி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆறு கரைமீறி எங்கள் ஏரலுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், என் வீட்டுக் கொல்லையில் நல்ல வண்டல் மண்ணின்மீது ஒரு சாண் உயரத்துக்கு ஆற்று மணல் கிடந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு லாரி செம்மண் வாங்கி மணலின்மேல் பரப்பினேன். முருங்கையும் வாழையும் நட்டு நாள்தோறும் தண்ணீர் விட்டேன். இலைகள் மஞ்சளாயின. பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் அழுகியிருந்தன. அடியில் மணல் இருக்கும்போது நீர் வடிந்துவிட வேண்டாமா?

இங்கேதான் பௌதிகம் வருகிறது. நல்ல தோட்ட மண் ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 1.3 கிராம் எடையிருக்கும். ஆனால் அதிலுள்ள கனிமத் துகள்களின் அடர்த்தி ஏறத்தாழ 2.65. கணக்கிட்டுப் பாருங்கள்: மண்ணில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம்! அந்தப் பாதியில்தான் வேருக்கு வேண்டிய நீரும் காற்றும் குடியிருக்கின்றன. நயமான செம்மண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. அவை நுண்புழைக் குழாய்களைப்போல் நீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மணலின் துளைகள் பெரியவை; அவற்றால் அந்த நீரை இழுக்க முடியாது. மேல்மண் முழுவதும் நீரால் நிறைந்த பிறகே கீழே சொட்டத் தொடங்கும். அதற்குள் காற்று வெளியேறி, வேர் மூச்சுத் திணறிவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு பஞ்சை நனைத்துக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகும் அதன் அடிப்பகுதியில் நீர் தங்கியிருக்கும். என் கொல்லையில் நடந்ததும் இதுவே.

ஆகவே, மண்ணின்மேல் மண்ணை அடுக்கினால் தோட்டம் ஆகாது. கொத்திக் கலக்க வேண்டும். கலந்தால் மட்டும் போதுமா? போதாது. மணலையும் களியையும் மணிமணியாகச் சேர்த்துக் கட்டும் பொருள் ஒன்று வேண்டும். அதுதான் மட்கு. அதை லாரியில் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை. நாம் தினமும் காலையில் பெருக்கிக் கூட்டித் தீ வைக்கிறோமே, அந்தச் சருகுதான் அது!

சருகு எங்கிருந்து வந்தது? பெல்ஜிய நாட்டு அறிஞர் வான் ஹெல்மாண்ட் 200 பவுண்டு மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு ஐந்தாண்டு வளர்த்தார். மரம் 164 பவுண்டு கூடியது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான். 1648இல் வெளியான அவரது நூல் இதைக் கூறுகிறது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் நினைத்தார். அதன் கரி காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடிலிருந்து வந்தது என்பதை இன்று அறிவோம். மரம் ஆண்டு முழுவதும் காற்றிலிருந்து சேர்த்த செல்வத்தை நாம் ஒரே தீக்குச்சியில் காற்றுக்கே திருப்பி அனுப்புகிறோம். சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் மிஞ்சும். நைட்ரஜனின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். பிறகு அதே நைட்ரஜனை யூரியாவாகக் கடையில் வாங்குகிறோம்!

உரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெறும் மணலில் இட்ட யூரியா நீரில் கரைந்து வேரைத் தாண்டிப் போய்விடுகிறது. பிடித்துவைக்க மண் வேண்டும் அல்லவா?

1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட், தழை, சாணம், மண் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டி மட்க வைக்கும் முறையை வகுத்தார். நம் நாட்டு உழவர்களைத் தம் ஆசான்கள் என்று அவர் மதித்தார். அவர்களிடம் கற்றதை உலகம் முழுவதற்கும் கற்பித்தார்.

எனவே என் கருத்து இதுதான்: ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு குழிகள் வேண்டும். ஒன்று நிரம்பும்போது மற்றொன்று மட்கட்டும். பூச்சி பொட்டு அடையும் என்று பெரியவர்கள் தயங்கலாம். வகுப்பறைக்குத் தொலைவில் குழி வெட்டி, ஒவ்வோர் அடுக்கையும் மண்ணால் மூடினால் அந்த அச்சம் பெரிதும் நீங்கும்.

என் கொல்லையை மறுபடி ஆழக் கொத்தினேன். செம்மண், மணல், அடியிலிருந்த வண்டல் மூன்றையும் கலந்தேன். வாழைத்தண்டு, வேப்பஞ்சருகு, சாணம் எல்லாம் மட்கவைத்துச் சேர்த்தேன். அடுத்த மழைக்காலத்துக்குப்பின் மண்ணைக் கையில் எடுத்தால் பொலபொலவென உதிர்ந்தது, மண்புழுவும் வந்துவிட்டது. புதிதாக வைத்த முருங்கை இப்போது பூத்திருக்கிறது.

வெள்ளம் ஓர் இரவில் கொண்டுபோனதைத் திரும்பச் சேர்க்க எனக்கு ஓராண்டுக்குமேல் ஆயிற்று. நாளைக் காலை உங்கள் பள்ளியில் யாராவது சருகுக்குத் தீ வைக்கப்போனால், ஒரு நிமிடம் தடுத்து நிறுத்தி இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.